நூற்றொன்றாவது ஊதல்

முப்பத்தொரு வயதில் எனக்குப் பணி ஓய்வுக் கடிதம் வந்தது. ‘மருத்துவக் காரணங்களால்’ என்ற ஒன்றைத் தவிர, அறுபது வயதில் ஓய்வு பெறுகிறவர்களுக்கு என்ன எழுதுவார்களோ அதையேதான் எழுதியிருந்தார்கள். இத்தனை ஆண்டுச் சேவைக்கு நன்றி, ஓய்வுக்காலம் இனிதாகட்டும் என்று. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சுங்கை காடுட் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் படித்த தொழிற்கல்லூரியின் மாணவர்கள் சிலர் போன மாதம் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். “அண்ணே, ரப்பர் ஃபேக்டரில டிசைனர் வேலை காலியா இருக்காம்லா. போலாமா? நீங்க ஏன் விட்டீங்க?”

இரண்டு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். முடியவில்லை. நடந்தது எனக்கே இன்னும் சரியாக உள்ளே இறங்கவில்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் ரப்பர் தோட்டக் குடும்பம். தாத்தா பால் வெட்டினார், பாட்டி வெட்டினார், அப்பாவும் அம்மாவும் வெட்டினார்கள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா இன்றைக்கும் லாபு பக்கம் ஒரு மலாய்க்காரரின் நாலு ஏக்கரில் பங்குக்கு வெட்டுகிறார். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, கழுத்தில் அட்டை மாட்டி வேலைக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரியில் மூன்று வருடம் அச்சு வரைபடம், ரப்பர் கலவை, கம்ப்யூட்டர் டிசைன். பிறகு ஆறு மாதம் சம்பளம் குறைந்த பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நிறைய அளந்தேன், நிறையத் திட்டு வாங்கினேன்.

வேலை கிடைத்த தொழிற்சாலை விளையாட்டுச் சாமான் செய்வது. பனிக்கட்டி மேல் மட்டை பிடித்து ஆடும் ஹாக்கிக்குப் பந்து கிடையாது. ‘பக்’ என்று ஒரு கறுப்பு ரப்பர் வட்டுத்தான். மூன்று அங்குல அகலம், ஓர் அங்குல கனம். அதைச் செய்தோம். காற்றில் சுழற்றி வீசுகிற தட்டுகளையும் செய்தோம். எங்கள் ஆட்களில் ஒருவர்கூடப் பனிக்கட்டி மேல் நடந்தது கிடையாது. அதனால் பேரெல்லாம் நாங்களே வைத்துக்கொண்டோம். பக் என்றால் வடை. வீசுகிற தட்டு என்றால் அப்பளம். “இன்னைக்கு எத்தன வடை வெந்துச்சு?” என்றுதான் ஷிப்ட் மாறும்போது கேட்பார்கள்.

வடையில் புதிதாக என்ன செய்துவிட முடியும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் வாங்குகிறவர்கள் வருடா வருடம் புதுசு கேட்பார்கள். தார் ரோட்டில் வழுக்கும்படி அடியில் ஆறு நைலான் கால் வைத்த வடை. உருளாமல் படுத்தே ஓடும்படி நடுவில் ஈரடுக்கு வைத்தது. வீசும்போது விசில் அடிக்கிற துளை போட்ட அப்பளம். நாய் கவ்வினாலும் பல் வலிக்காத அப்பளம். ஒவ்வொன்றும் முதலில் என் கம்ப்யூட்டரில், பிறகு அச்சில், பிறகு என் கையில்.

என் முதல் டிசைனே விழுந்தது. பக்கின் ஓரத்தில் மஞ்சள் வளையம் பதித்தேன், டிவியில் பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று. மேசையில் அழகாக இருந்தது. பக்கை ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், உறையாவிட்டால் துள்ளும். அதனால் கேண்டீன் ஃப்ரீசரில் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் ஓர் அரை மணி நேரம் வைத்து எடுத்து, ‘சோதித்தாயிற்று’ என்று எழுதினேன். புவனேஸ்வரி மேடம் அதே பக்கை ஒரு நாள் முழுக்க உறைய வைத்து, என்னையே மட்டையால் அடிக்கச் சொன்னார். மஞ்சள் வளையம் தெறித்துச் சுவரில் பட்டு என் காலடியில் வந்து விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“மீனுக்கு அர மணி நேரம் போதும், சரவணன். இது மீன் இல்ல” என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை.

புவனேஸ்வரி மேடம்தான் எங்கள் தரப் பிரிவுத் தலைவி. சிரம்பானில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம், வீடு ரஹாங்கில். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒன்பது வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. ஒரு மாதிரி கொண்டுபோனால், முதலில் மேசையை ஒரு வெள்ளைத் துணியால் துடைப்பார். துடைத்த இடத்தில்தான் மாதிரியை வைக்க வேண்டும். கையில் எடுப்பதற்கு முன் சுற்றி வந்து நாலு பக்கமும் பார்ப்பார். பிடிக்காவிட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டார். மறுபடியும் மேசையைத் துடைப்பார். அது போதும், நாங்கள் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

இரண்டு வழக்கங்கள் அவருடையவை. அனுமதிப் படிவத்தில் முதலில் பென்சிலால்தான் கையெழுத்துப் போடுவார். மறுநாள் காலை வந்து, மறுபடி மாதிரியைப் பார்த்து, அதன் மேலேயே பேனாவால் எழுதுவார். பென்சிலுக்கும் பேனாவுக்கும் நடுவே ஒரு ராத்திரி போக வேண்டும். மேலிடத்திலிருந்து எத்தனை அவசரம் வந்தாலும் அது மாறாது.

இரண்டாவது வழக்கம், நூறு. எந்தப் புது டிசைனையும் சோதனைக்காரர்கள் தொடுவதற்கு முன், அதை வரைந்தவன் நூறு முறை பயன்படுத்த வேண்டும். வடை என்றால் நூறு அடி. அப்பளம் என்றால் நூறு வீச்சு. ஒவ்வொரு முறைக்கும் தாளில் ஒரு கோடு. “வரைஞ்சவன் கைதான் மொதல்ல வலிக்கணும்” என்பார். டிப்பிங் லைனில் வேலை செய்யும் மணியக்கா இதைக் கேட்டுவிட்டுச் சொல்வார், “நல்லவேள, பாத்ரூம் சாமான் செய்யல நம்ம.”

மணியக்காவின் முழுப்பேர் மணிமேகலை. ஐம்பது வயது தாண்டியவர். நாங்கள் முன்பு இருந்த தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஆறு வீடு தள்ளி இருந்தவர். அச்சுகளை ரப்பர் பாலில் முக்கி எடுக்கும் லைன் அவர் பொறுப்பு. என்னைப் பற்றி எல்லாரிடமும் “நம்ம லயத்துப் புள்ள, அது வரைஞ்சதத்தான் நாங்க வெள்ளக்காரனுக்கு அனுப்புறோம்” என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். பிடிக்கவும் செய்யும்.

எட்டாவது வருடம் நான் பூரியைக் கண்டுபிடித்தேன்.

ஒரே சாமான், வடையாகவும் இருக்க வேண்டும், அப்பளமாகவும் இருக்க வேண்டும் என்று கனடாவிலிருந்து கேட்டிருந்தார்கள். வீட்டுக்குள் சின்னப் பிள்ளைகள் விளையாட. நான் நடுவில் லேசான ரப்பரில் ஒரு வட்டு வைத்தேன். அதன் ஓரத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் மெல்லிய ரப்பர் குழாய் வளையம் ஒன்று மடங்கிக் கிடக்கும். அப்படியே தரையில் தள்ளினால் பக் மாதிரி வழுக்கும். அதிலிருக்கும் சின்னக் குழல் வழியாக ஊதினால் வளையம் உப்பி வெளியே வந்து ஒன்பது அங்குலத் தட்டாகும். வீசலாம். மூஞ்சியில் பட்டாலும் வலிக்காது. முதல் மாதிரியை நான் ஊதிக் காட்டியபோது மணியக்கா, “ஏய், பூரிடா இது” என்றார். பேர் நின்றுவிட்டது.

பூரி முதலில் பறக்கவில்லை. குடிகாரன் மாதிரி தள்ளாடியது. அச்சைப் பாலில் முக்கி எடுத்ததும் பால் கீழ்ப்பக்கம் இறங்கி அங்கே மட்டும் கனமாகிவிடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. முக்கி எடுத்ததும் அச்சை மெதுவாகச் சுழற்றும்படி லைனில் ஒரு மோட்டார் வைத்தோம். தள்ளாட்டம் நின்றது. அடுத்து, வளையம் வட்டை விட்டுப் பிரிந்தது. ஒட்டு நிற்கவேயில்லை.

பாலில் முக்கி எடுத்த ரப்பரை அடுப்புக்கு அனுப்பும் முன் வெந்நீர்த் தொட்டியில் ஊற வைப்பார்கள். குளிப்பாட்டுவது என்போம். எங்கள் லைனில் எட்டு நிமிடம் குளியல். அந்த எட்டு நிமிடத்தில் நான் தடவிய ஒட்டுப் பூச்சு கரைந்து போகிறது என்று கண்டேன். குளியலை ஒன்றரை நிமிடமாகக் குறைத்தேன். ஒட்டு கல் மாதிரி நின்றது. வேறு எந்தப் பெரிய விஷயத்தையும் கண்டுபிடித்தபோது வராத சந்தோஷம் அன்றைக்கு எனக்கு வந்தது.

மேடம் மேசையைத் துடைத்தார். பூரியை வைத்தேன். நாலு பக்கமும் சுற்றினார்.

“குளிப்பாட்டுறது எதுக்குன்னு தெரியுமா?”

“தெரியும் மேடம். பால்ல இருக்கிற புரதம், கெமிக்கல் எல்லாம் கழுவிப் போகும்.”

“ஒன்றர நிமிஷத்துல எவ்ளோ போகும்? சோதனைக்கு அனுப்புனீங்களா?”

“லேப் ரிப்போர்ட் வர மூணு வாரம் ஆகும் மேடம். கன்டெய்னர் அதுக்கு முன்ன போகணும்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “நீங்க கடைக்காரங்க வீடு மேடம். எங்களுக்கு ரப்பர் தெரியும். எங்க தாத்தா கை வெட்டிக்கிட்டா அந்தப் பாலத்தான் காயத்துல தடவுவாரு. எங்கப்பா அறுவது வருசமா அதுலதான் குளிக்கிறாரு. பால் யாரையும் ஒண்ணும் செய்யாது.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவன் சொல்கிறான் என்று நம்புகிற பார்வை அது. இப்போது நினைத்தாலும் அதுதான் என்னைச் சுடுகிறது. எதையும் நம்பாத ஒரு பெண், என் தோட்டத்தை நம்பினார்.

“சரி. ரிப்போர்ட்டுக்கு ஒண்ணு அனுப்பி வைங்க, வர்றப்ப வரட்டும். நீங்க நூறு முடிங்க. பாப்போம்” என்றார்.

நூறு ஊதல், நூறு வீச்சு. ஒரு நாளைக்கு இருபது என்று ஆரம்பித்தேன். ஸ்டோருக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் நின்று ஊதுவேன், வீசுவேன், காற்றைப் பிடுங்குவேன், தாளில் கோடு. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள், முப்பதாவது ஊதலில் உதடு அரித்தது. கேண்டீன் சம்பலில் மிளகாய் ஜாஸ்தி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கண் சிவந்தது, மூக்கு ஒழுகியது. தூசி என்றேன். நாலாம் நாள், எழுபது தாண்டியதும் மேல் உதடு தடித்துக் கண்ணாடியில் வேறு யாரோ மாதிரி தெரிந்தது. அதற்குமேல் ஊதவில்லை.

இப்போது கேட்டால் அப்போதே தெரியும் என்றுதான் சொல்வேன். தெரியும், ஆனால் நான் அதைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. ரப்பரை விட்டால் எனக்கு வேறு தொழில் கிடையாது. ஒன்பது வருடத்தில் முழுக்க என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று உலகத்துக்குப் போவது பூரி ஒன்றுதான். கழுத்தில் அட்டை மாட்டிய முதல் ஆள், ரப்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டுக்குத் திரும்பி வந்தால் லயத்தில் சிரிப்பார்கள். அரிப்புக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஐந்தாம் நாள் மீதியை ஊதி முடித்தேன். மாத்திரை வேலை செய்தது. படிவத்தில் ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதினேன்.

மேடம் நூறு கோடுகளையும் எண்ணினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“ஒதடு என்ன?”

“குளவி கொட்டிருச்சு மேடம். வீட்டு ஜன்னல்ல கூடு கட்டியிருக்கு.”

“நூறும் நீங்களே ஊதுனீங்களா?”

“நானேதான் மேடம்.”

பென்சிலை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கன்டெய்னருக்கு நாள் குறித்தாகிவிட்டது. மறுநாள் பேனா. அவ்வளவுதான் பாக்கி.

மறுநாள் காலை நான் மாத்திரை போடவில்லை. நூறு முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று. மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேசையைத் துடைத்தார். லைனிலிருந்து புதிதாக வந்த பூரி ஒன்றை நான் வைத்தேன். மணியக்காவும் வந்து கதவோரம் நின்றார், பேனா கையெழுத்தைப் பார்க்க.

மேடம் பேனாவைத் தாளருகில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“எம்முன்னாடி ஒண்ணு ஊதுங்க.”

“நூறு ஆயிருச்சே மேடம்.”

“தெரியும். நான் பாக்கல இல்ல.”

“ஊது தம்பி, பூரி ஆறிடப் போவுது” என்றார் மணியக்கா.

எடுத்து ஊதினேன். நாலு மூச்சில் வளையம் முழுதாக உப்பியது. நீட்டினேன். மேடம் கையில் வாங்கவில்லை; என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து என் கையைப் பார்த்தேன். கை முழுக்கத் தடிப்புத் தடிப்பாக, யாரோ உள்ளிருந்து விரலால் குத்துவதுபோல் எழும்பி வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தொண்டைக்குள் கதவு சாத்தியது போல் இருந்தது. மூச்சை இழுக்கிறேன், வரவில்லை. விசில் சத்தம் மட்டும் வருகிறது. நான் போட்ட விசில் அப்பளத்தின் சத்தம் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு மேடம் துடைத்த மேசையின் ஓரம், பிறகு தரை.

மேடமே காரை ஓட்டியதாகப் பிறகு சொன்னார்கள். பின் சீட்டில் மணியக்காவின் மடியில் என் தலை. பக்கத்துக் கிளினிக்கில் தொடையில் ஊசி போட்டு, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. கண் விழித்தபோது ஒரு மலாய் டாக்டர் அம்மா கட்டிலருகில் நின்றார். என்ன வேலை என்று கேட்டார். ரப்பர் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“வாழைப்பழம் சாப்பிட்டால் நாக்கு அரிக்குமா?”

போன வருடத்திலிருந்து அரிக்கிறது. எவரிடமும் நான் சொன்னதில்லை. இவருக்கு எப்படித் தெரியும் என்று விழித்தேன்.

“ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சிலருக்கு வாழைப்பழமும் சேராது. உங்கள் உடம்பு ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது” என்றார். பிறகு நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். கையுறை கூடாது. பலூன் கூடாது. இனிமேல் அந்தத் தொழிற்சாலைக்குள் போகவே கூடாது. அடுத்த முறை கிளினிக் வரை தாங்குமா என்று அவரால் சொல்ல முடியாது.

நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஒன்றும் உள்ளே போகவில்லை. மூன்று தலைமுறை சோறு போட்ட பால். அது என்னைத் தெரியாது என்கிறது.

அப்பா வந்தார். மரத்திலிருந்து நேராக வந்திருந்தார். மோட்டார் சைக்கிளில் வந்த வேகத்தில் தலை கலைந்திருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

“பாலா? போடா. சாப்பாட்டுல எதாச்சும் சேராம இருந்திருக்கும். பால் யாருக்குடா ஆகாது?” கட்டிலில் உட்கார்ந்து என் நெற்றியைத் தொட்டார். சட்டை முழுக்கக் காய்ந்த பால் திட்டுத் திட்டாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் எனக்குக் கண் வீங்கி மூக்கு அடைத்தது. நர்ஸ் ஓடிவந்து அவரை வெளியே போகச் சொன்னார். அவர் போகவில்லை. எதற்கு வெளியே போகச் சொல்கிறார்கள் என்று என்னையே கேட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“ஒங்க சட்டைப்பா.”

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்த விதத்தை என்னால் எழுத முடியாது.

மூன்றாம் நாள் மேடம் வந்தார், மணியக்காவுடன். கையில் பூரியின் படிவம். பென்சில் கையெழுத்து அப்படியே இருந்தது. கன்டெய்னரை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். ஏன் நிறுத்துகிறோம் என்று இன்று மாலைக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை வரைந்தவன் நிரப்ப வேண்டும் என்பது விதி.

நான் அந்த மூன்று நாளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“மேடம், ஒட்டு விட்டுப்போச்சுன்னு எழுதிரவா? பூரி நின்னுரும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நான் கொஞ்ச நாள் லீவ் போட்டுட்டு, ஆபீஸ் பக்கம் மட்டும், கம்ப்யூட்டர்ல மட்டும்…”

மேடம் கைப்பையிலிருந்து துணியை எடுத்து, கட்டிலோரம் இருந்த சின்ன மேசையைத் துடைத்தார். படிவத்தை அதன் மேல் வைத்தார்.

மணியக்கா என்னைப் பார்ப்பதைவிட அதிகமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

“ஏன்க்கா ஸ்வெட்டர்?”

“சும்மாதாண்டா. ஆஸ்பத்திரில ஏர்கான் குளிருமில்ல.”

“வெளிய வெயில்லயும் போட்டிருந்தீங்க” என்றார் மேடம்.

மணியக்கா ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டார். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெடித்து, சிவந்து, சில இடத்தில் நீர் கோத்து நின்றது. மேலே மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசியிருந்தார்.

“எப்போலேர்ந்து?” என்றேன். 

“நீ தண்ணி டைம் கொறச்சதுலேர்ந்து. கழுவாத பாலு கையிலயே நிக்குதில்ல, அதான். பெருசா ஒண்ணுமில்லடா.”

“ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா?” என்றார். “சொன்னா மேடம் ஒன் டிசைன தொடச்சுப் போட்டுருவாங்க. நம்ம லயத்துலேர்ந்து ஒரே ஒரு புள்ள வரையுது. அத நானா கெடுக்கிறது?”

 நான் என் உதட்டை மறைத்தது எனக்காக. இவர் தன் கையை மறைத்தது எனக்காக. நூறு என்ற விதி, என் கை முதலில் வலிக்க வேண்டும் என்பதற்குத்தான் இருந்தது. எனக்கு முன்னால் இவர் கை வலித்திருக்கிறது. அந்தக் கணக்கு எந்தத் தாளிலும் கோடாக விழவில்லை. ஒட்டு விட்டுப்போனது என்று எழுதினால் இனியும் விழாது. லைனில் ஒன்றரை நிமிடம் அப்படியே இருக்கும். அடுத்த டிசைனுக்கும் அதே தொட்டி, அதே கை.

“ஒங்க பேர எழுதவாக்கா?”

“எழுது” என்றார். பிறகு, “வயச எழுதிராத.”

எழுதினேன். முப்பதாவது ஊதலிலிருந்து எனக்கு உதடு அரித்தது, எழுபதுக்கு மேல் வீங்கியது. மாத்திரை போட்டு மறைத்தேன். ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதியது பொய். குளவி எதுவும் இல்லை. வெந்நீர்க் குளியலைக் குறைத்தது நான். டிப்பிங் லைனில் மணிமேகலையின் கைகளை இன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். பூரியைப் பிள்ளைகள் வாயில் வைத்து ஊதக் கூடாது. கட்டம் போதவில்லை. தாளின் பின்பக்கமும் போனேன். கடைசியில் என் பேரும் கையெழுத்தும். பேனாவால்.

மேடம் நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு தன் பென்சில் கையெழுத்தை அழிப்பதற்காகக் கைப்பையிலிருந்து அழி ரப்பரை எடுத்தார். எடுத்த கை நின்றுவிட்டது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாளை எடுத்துக்கொண்டு தூரத்து ஜன்னலுக்குப் போனார்.

“கொஞ்சம் மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கோப்பா” என்றார்.

ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் ‘நீங்க’ விட்டு ஒருமையில் பேசியது அப்போதுதான்.

கன்டெய்னர் போகவில்லை. குளியல் மறுபடி எட்டு நிமிடமானது. மூன்று வாரம் கழித்து வந்த லேப் ரிப்போர்ட்டை மேடம் எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். புரத அளவு வரம்புக்கு எங்கேயோ மேலே இருந்தது. மணியக்காவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கை ஆறிவிட்டது. “ஒன்னாலதான் இப்ப ஒக்காந்து வேல செய்யறேன்” என்று போனில் சொல்கிறார். அது திட்டா பாராட்டா என்று நான் கேட்டதில்லை. பூரி இப்போது பிளாஸ்டிக் வளையத்தோடு, கைப்பம்ப்போடு வருகிறது. நீலாயில் ஒரு கடையில் பார்த்தேன். கிட்டே போகாமல், கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பார்த்தேன். எனக்கும் நீலாயில்தான் இப்போது வேலை, மூடிகளுக்கும் டப்பாக்களுக்கும் வரைபடம் போடுவது. எல்லாம் பிளாஸ்டிக்.

போகலாமா என்று கேட்ட தம்பிகளுக்கு நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள். நல்ல தொழில். உங்கள் உதட்டில் ஏதாவது தெரிந்தால், அதை அன்றைக்கே தாளில் எழுதுங்கள். பக்கத்தில் யாராவது வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தால் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மத்தியானம் அப்பாவின் மோட்டார் சத்தம் கேட்டது. எப்போதும் மோட்டாரை வாசல் வரை ஓட்டி வந்து, சட்டையோடு நாற்காலியில் விழுந்து காப்பி கேட்கிற மனிதர். அன்று சத்தம் வேலியோடு நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலிக்கு வெளியே மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார். சட்டையைக் கழற்றி அதில் போட்டு மூடினார். வெளிக் குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்தார், நகத்துக்குள் தேய்த்தார், மறுபடி முதலிலிருந்து தேய்த்தார். குளியல் நேரத்தை யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி, அவசரமே இல்லாமல். ஈர உடம்போடு வாசல் வரை வந்தார். தான் கட்டிய வீட்டின் படியில் காலை வைக்காமல் நின்றார்.

“வரவாடா?” என்று கேட்டார்.

இன்றைக்கும் கேட்கிறார். தினமும்.